ஏரிக்கரைக்குப் போன டிவிகள்

உட்காருங்க தம்பி. ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க, எனக்கு வெளிய வேடிக்கை பார்க்கிற மனசு இப்ப இல்ல. தாம்பரம்தானே? நானும் அங்கதான்.

பஸ் ஸ்டாண்டுல உங்க ஃப்ரெண்டுகிட்ட போனைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கப் போறேன்னு. ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு. டிஸ்ப்ளே மட்டும்தானே? மாத்திக்கலாமே. சரி விடுங்க. உங்களுக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. அதைத்தான் சொல்ல வந்தேன்னு வெச்சுக்குங்களேன்.

என் பேர் தணிகாசலம். ஃபேன் செய்யற கம்பெனியில முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். லைன்ல வர்ற ஒவ்வொரு ஃபேனையும் ஓட்டிப் பார்க்கணும். நல்லா இருந்தா பச்சை ஸ்டிக்கர், கோளாறுன்னா சிவப்பு. என் கை படாம ஒரு ஃபேன் கேட்டைத் தாண்டாது. அவ்வளவு கறாரான ஆளு. இதை நானே சொல்லிக்கிறேன்னு நினைக்காதீங்க, ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு மேனேஜர் சொன்னது.

இப்ப மந்தாரம் அபார்ட்மெண்ட்ஸ்ல செக்ரட்டரி. நாற்பத்தெட்டு வீடு. போன வருஷம் ஆடி மாசம், மின்குப்பை சேகரிப்பு தினம்னு ஒண்ணு நடத்தினோம். நடத்தினோம் என்ன, நான்தான் நடத்தினேன். பழைய டிவி, செத்துப்போன கம்ப்யூட்டர், சார்ஜர், ரிமோட்டு, யுபிஎஸ், இதெல்லாம் ஒவ்வொரு வீட்டுப் பரண்லயும் கிடக்குதுல்ல? இதுக்குள்ள ஈயம் இருக்கு, பாதரசம் இருக்கு. சாதாரணக் குப்பையில போட்டா மண்ணுக்குப் போகும், தண்ணிக்குப் போகும். அதையெல்லாம் வாங்கி, அங்கீகாரம் உள்ள கம்பெனிகிட்ட குடுத்தா, முறையாப் பிரிச்சு, செம்பு தனி, பிளாஸ்டிக் தனின்னு எடுத்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டு வருவாங்க. நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். எடுத்தது நல்ல காரியம்தான் தம்பி, அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல.

பக்கத்துத் தெரு குடியிருப்புல அதுக்கு முந்தின மாசம் இதையே செஞ்சு அறுநூறு கிலோ சேர்த்தாங்க. ஏரியா பேப்பர்ல அவங்க போட்டோ வந்துச்சு. நான் ஒரு டன்னுன்னு முடிவு பண்ணிட்டேன்.

எங்க கமிட்டியில எமிலி டீச்சர்னு ஒருத்தங்க. சயின்ஸ் டீச்சரா இருந்தவங்க. அவங்க சொன்னாங்க, "சார், எடை எதுக்கு? ஓடுற பொருளை முதல்ல தனியா எடுத்து வெப்போம். ரிப்பேர் ஆகிறதை ரிப்பேர் பண்ணி வேணுங்கிறவங்களுக்குக் குடுப்போம். மிச்சம்தானே குப்பை?"

"டீச்சர், அப்படிப் பார்த்தா பாதி கூடத் தேறாது"ன்னேன்.

"தேறாட்டி சந்தோஷம்தானே சார்?"ன்னாங்க.

எனக்கு அது விதண்டாவாதமாப் பட்டுது. வீடு வீடா ஏறினேன். ஓடிக்கிட்டிருந்த மிக்சியைக் கூட, "பழசாச்சேம்மா, இன்னும் எத்தனை நாள் வெச்சிருப்பீங்க"ன்னு கேட்டு வாங்கினேன். ஒரு பெரியவர் தினம் பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்த ரேடியோவை, அவர் பையன்கிட்ட சொல்லி வாங்கிட்டேன். ஆயிரத்து நூறு கிலோ தேறிச்சு. ஒவ்வொரு பொருள்லயும் பச்சை ஸ்டிக்கர். வட்டமா, "மந்தாரம் பசுமைத் திட்டம்"னு அச்சடிச்சு, நானே உட்கார்ந்து ஒட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டிப் பழகின கை.

எல்லாத்தையும் மாடியிலேர்ந்து கீழ இறக்கினது எங்க வாட்ச்மேன் முனிரத்தினம். இந்தச் சாமானையெல்லாம் லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன், அதனால படி வழியா. பெட்டி டிவி ஒவ்வொண்ணும் என்ன கனம்! தோள்ல வெச்சுக்கிட்டு அவன் வந்தான். அவன்னு சொல்றேன் பாருங்க, என்னைவிட நாலஞ்சு வயசுதான் கம்மி. அவர். அவர் ஒரு டிவியை இறக்கி வெச்சுட்டு என்கிட்ட வந்தார்.

"சார், இது ஓடுது சார். குடுத்த அம்மாவே சொன்னாங்க. எங்க பாப்பா பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு பாத்துட்டிருக்கு. இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"ஸ்டிக்கர் ஒட்டியாச்சே முனிரத்தினம்."

"உரிச்சிடலாம் சார்."

"எடையும் போட்டாச்சுப்பா. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"சரி சார்"னு சொல்லிட்டு, மேல படிஞ்சிருந்த தூசியைத் துடைச்சு, அதை வரிசையில வெச்சுட்டுப் போனார். முகம் கோணல. எனக்கு அப்ப பெருமையாக் கூட இருந்துச்சு. பாரு, நியாயம்னா நியாயம்னு.

அங்கீகாரம் உள்ள கம்பெனிக்கு போன் பண்ணினேன். பொருள் வாரியா லிஸ்ட் வேணும், ஃபாரம் நிரப்பணும், வண்டி வர மூணு வாரம் ஆகும்னாங்க. எனக்கோ ஞாயித்துக்கிழமை விழா. ஏரியா பிரமுகர் வந்து கொடியசைச்சு வண்டியை அனுப்பி வைக்கிறதா நோட்டீஸ் போட்டாச்சு. கீழ கார் நிறுத்த இடம் இல்லன்னு வேற சத்தம். அப்பதான் குப்புராஜ்னு ஒரு ஆளு தானா வந்தார். பழைய சாமான் எடுக்கிறவர். "நாங்களும் அங்கீகாரம் வாங்கினவங்கதான் சார், ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு டெம்போ நிக்கும்"னார். சர்டிபிகேட் காட்டினார். லாமினேட் பண்ணினது. அதுல இருந்த தேதி முடிஞ்சுபோனதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

விழா நல்லா நடந்துச்சு. கொடியசைச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, பேப்பர்லயும் வந்துச்சு. நான் நடுவுல நிக்கிறேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு மத்தியானம், முனிரத்தினத்தோட சம்சாரம் பச்சையம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. எமிலி டீச்சர் வீட்டுல வேலை செய்யற பொண்ணு. எங்க வீட்டுப் பக்கம் வந்ததே இல்ல. கையில சிமெண்ட் சாக்கு. அதிலேர்ந்து ஒரு டிவியோட பின்பக்க மூடியை எடுத்துச்சு. பாதி உருகி, கருகி, நாய் கடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு மூலையில மட்டும் தீ படல. அங்க என் ஸ்டிக்கர். பச்சைப் பசேல்னு.

"இது உங்களுதுதானே சார்?"

"எங்க கிடைச்சுது?"

"ஏரிக்கரையில. எங்க வீட்டுக்குப் பின்னாடி. நாலு நாளா கொளுத்துறாங்க சார். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறாங்க, என்னமோ ஆசிட் ஊத்துறாங்க, மிச்சத்தை ஏரியில தள்ளுறாங்க. கதவைச் சாத்தினாலும் புகை நிக்கல. பாப்பாவுக்கு மூச்சு இழுத்து ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில வெச்சிருக்கோம். நீங்க குடுத்த ஆளுதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நிறுத்திடுவாங்க."

நான் அந்த மூடியைக் கையில வாங்கிக்கிட்டேன். "நான் பாத்துக்கிறேன். இதை வேற யார்கிட்டயாவது காட்டினியா?"ன்னுதான் கேட்டேன். பாப்பா எப்படி இருக்குன்னு கேக்கல. இது எனக்கு இன்னிக்குக் காலையில பஸ்ல போகும்போதுதான் தோணுச்சு. கேக்கவே இல்ல தம்பி.

அந்தப் பொண்ணு போனதும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? குப்புராஜுக்கு ஒரு தடவை போன் போட்டேன். எடுக்கல. அப்புறம் சமையல்கட்டுலேர்ந்து தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, தடவி, நகத்தால சுரண்டி, அந்த ஸ்டிக்கரை உரிச்சேன். முழுசா வரல. அரை மணி நேரம் சுரண்டியிருப்பேன். என் சம்சாரம் வந்து "என்ன பண்றீங்க"ன்னா. "ஒண்ணுமில்ல"ன்னேன்.

ஒரு ஸ்டிக்கரை உரிச்சா ஆச்சா? மறுநாளே யாரோ ஏரிக்கரையில வீடியோ எடுத்துட்டாங்க. பச்சை ஸ்டிக்கர் பதினொண்ணு அதுல தெரியுது. அது எங்க வாட்ஸாப் குரூப்புக்கு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை அவசரக் கூட்டம். யார்கிட்ட குடுத்தீங்க, எப்படிக் குடுத்தீங்கன்னு நாற்பது பேர் என்னைப் பார்த்துக் கேக்கறாங்க. என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டு முப்பது வருஷம் ஆச்சு தம்பி.  வாய் தானாப் பேசிச்சு.

"நான் குடுத்தது முறையான ஆளுகிட்டதான். விழாவுக்கு முன்னாடி ஒரு வாரம் சாமானெல்லாம் கீழ கிடந்துச்சு. அதுல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். வாட்ச்மேன் வீடு அந்த ஏரிக்கரையிலதான் இருக்கு. என்கிட்டயே ஒரு டிவி கேட்டாப்ல."

அவ்வளவுதான் சொன்னேன். திருடினார்னு நான் சொல்லல. அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்ல. மத்தவங்க சொல்லிட்டாங்க.

எமிலி டீச்சர் எழுந்தாங்க. "அவர் கீழ கேட்டுலதானே நிக்கிறார்? கூப்பிட்டுக் கேட்டுடலாமே."

"வேணாம் டீச்சர். பாவம், இல்லாத மனுஷன். நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு அசிங்கப்படுத்த வேணாம்"னேன். சார் மனசு யாருக்கு வரும்னு பின்னாடியிருந்து ஒருத்தர் சொன்னார். ரெண்டு பேர் கை தட்டினாங்க.

வாட்ச்மேனை மாத்திடலாம்னு முடிவாச்சு. அதை அவர்கிட்ட சொல்ற பொறுப்பும் என் தலையில. கீழ போனேன். "முனிரத்தினம், சில பேருக்கு உங்க மேல சந்தேகம். நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேம்பா. கேக்கல"ன்னேன். அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க ஒருத்தர் நம்பறீங்கல்ல சார், அது போதும்"னார். நான் கையை எடுத்துக்கல. வேற இடத்துல வேலை கேக்க உதவும்னு, சங்கத்து லெட்டர் பேடுல, நேர்மையானவர், நாணயமானவர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஒரு கையால தள்ளிவிட்டு மறுகையால.

அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டு பச்சையம்மாவோட ஊருக்கே போயிட்டாங்க. மதுராந்தகம் தாண்டி உள்ள போகணும். அந்தப் புள்ள பிழைச்சிருச்சு, ஆனா பனிக்காலம் வந்தா இன்னும் இழுக்குதாம். ஏரிக்கரையை கார்ப்பரேஷன் ஆளுங்க வந்து சுத்தம் பண்ணினாங்க. குப்புராஜ் நம்பரை மாத்திட்டார். இப்ப வேற எந்த ஏரியில கொளுத்துறாரோ.

இத்தனை நாள் நான் நல்லாத்தான் இருந்தேன், பொய் சொல்லக்கூடாது. சாப்பிட்டேன், வாக்கிங் போனேன். போன வாரம் இந்த வருஷத்து நோட்டீஸ் ப்ரூஃப் வந்துச்சு. தணிகாசலம் அவர்கள் தலைமையில் இரண்டாம் ஆண்டு மின்குப்பை சேகரிப்பு. கீழ ஒரு வரி: "சென்ற ஆண்டு காவலாளியால் நேந்த தவறு இவ்வாண்டு நிகழாவண்ணம் கேமரா பொருத்தப்பட்டுள்ளது." 'நேந்த'ன்னு இருந்துச்சு. நான் சிவப்பு பேனாவை எடுத்து ஒரு 'ர்' போட்டு 'நேர்ந்த'ன்னு திருத்தினேன். திருத்தினதுக்கு அப்புறம்தான் தம்பி அந்த வரியைப் படிச்சேன். அச்சுல பார்க்கும்போது என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பேனாவை மூடி வெக்கக் கூட எனக்குக் கை வரல.

எமிலி டீச்சர்கிட்ட போய் முனிரத்தினம் அட்ரஸ் கேட்டேன். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. எழுதிக் குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

இன்னிக்குக் காலையில போனேன். உண்மையைச் சொல்லிட்டு, கால்ல விழணும்னா விழுந்துட்டு வந்துடறதுன்னுதான் போனேன். ரைஸ் மில்லுல மூட்டை தூக்கறார். அந்த வயசுல. ஞாயித்துக்கிழமைங்கிறதால வீட்டுல இருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தார். "ஏய் பச்சை, யாரு வந்திருக்காங்க பாரு!" பக்கத்து வீட்டு ஆளையெல்லாம் கூப்பிட்டார். "நான் சொல்வேன்ல, அந்த சார் இவருதான். அத்தனை பேரும் என்னைத் திருடன்னு சொன்னப்ப எனக்காகப் பேசின ஒரே மனுஷன்." ஒரு கிழவர் வந்து என்னைக் கும்பிட்டார் தம்பி. சுவத்துல நான் எழுதிக் குடுத்த கடுதாசி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. கையெழுத்து வெளிறிப் போகக்கூடாதுன்னு வெயில் படாத பக்கமா.

வாயைத் திறந்தேன். "முனிரத்தினம், ஒரு விஷயம்"னேன். "சாப்பிட்டுட்டுப் பேசலாம் சார்"னார். சாப்பிட்டேன். மீன் குழம்பு. எனக்குன்னு முள் பார்த்து எடுத்து வெச்சார். சாப்பிட்டதுக்கு அப்புறமும் என்னால பேச முடியல. பச்சையம்மா அது வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் கிளம்பினதும், "சாரை பஸ் ஏத்திட்டு வரேன்"னு கூட வந்துச்சு.

பாதி தூரம் வந்துட்டோம். அப்புறம் நடந்துக்கிட்டே சொல்லிச்சு. "கூட்டத்துல நீங்க என்ன சொன்னீங்கன்னு டீச்சரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க சார்."

எனக்கு நடை நின்னு போச்சு. "பச்சையம்மா, அந்த ஆளு அப்படிப்பட்டவர்னு எனக்கு எப்படித் தெரியும்? சர்டிபிகேட் காட்டினாரும்மா"ன்னேன்.

அது திரும்பி என்னைப் பார்த்துச்சு. "வண்டியில ஏத்தும்போது எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட வந்து சொன்னாரா இல்லையா? சார், இந்த குப்புராஜ் எங்க ஏரிக்கரையில கொளுத்துற ஆளு, இவர்கிட்ட குடுக்காதீங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னார் தம்பி. டெம்போ பின்னாடி நின்னு, காதோரமா, மரியாதையாச் சொன்னார். பிரமுகர் கார் அப்பத்தான் உள்ள வருது. "நீ போய் கேட்டைத் திற"ன்னேன். அதுதான் நான் சொன்னது.

இவ்வளவு நேரம் உங்ககிட்டயும் எனக்கு எப்படித் தெரியும்னுதானே சொல்லிட்டு வந்தேன்? பதினாலு மாசமா சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன் போல. அந்தப் பொண்ணு கேக்கிற வரைக்கும் அப்படி ஒண்ணு நடந்ததே என் ஞாபகத்துல இல்ல. இல்லன்னு சொல்றதும் எவ்வளவு நிஜமோ, தெரியல.

"இப்பவே திரும்பி வர்றேம்மா. அவர்கிட்ட சொல்லிடறேன்"னேன்.

"வேணாம்"னு சொல்லிச்சு. சத்தம் போடல. "உங்க ஒருத்தரை வெச்சுத்தான் அவரு தலை நிமிந்து நடக்கிறாரு. எல்லாரும் திருடன்னாலும் அந்த சார் நம்பினாருன்னு. அதையும் பிடுங்கிட்டுப் போனா அவருக்கு என்ன இருக்கு? நீங்க சொல்லிட்டு நிம்மதியாப் போயிடுவீங்க. இங்க சொல்ல வேணாம் சார். அங்க போய்ச் சொல்லுங்க. அங்கதானே சொன்னீங்க?"

பஸ் வந்துச்சு. ஏறினேன். திரும்பிப் பார்த்தேன், அது அப்பவே நடக்க ஆரம்பிச்சிருச்சு.

இன்னிக்கு அஞ்சு மணிக்கு, இந்த வருஷச் சேகரிப்புக்காக எங்க கூட்டம். செங்கல்பட்டுல பஸ் மாறினதிலேர்ந்து, இந்த பஸ் எங்கயாவது நின்னு போகக்கூடாதான்னு வேண்டிக்கிட்டே வர்றேன். டயர் வெடிக்கட்டும், மறியல் நடக்கட்டும். அறுபத்து மூணு வயசுல இப்படி ஒரு வேண்டுதல். உங்ககிட்ட சொன்னது கூட, சொன்னா பாரம் குறையுமா, குறைஞ்சா அங்க சொல்லாமத் தப்பிக்கலாமான்னுதான். குறையல தம்பி.

ஒரு நிமிஷம். பொருளாளர் கூப்பிடறார்.

"ஹலோ. ம். வண்டலூர் தாண்டிட்டேன். எல்லாரும் வந்தாச்சா? எமிலி டீச்சர்? சரி. சால்வையா? எனக்கா? அதைப் பிரிக்காதீங்க சார், கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நான் கொஞ்சம் பேசணும். கடைசியில இல்ல, முதல்லயே. அப்புறம், ஒண்ணு பண்ணுங்க. நோட்டீஸ் இன்னும் யாருக்கும் குடுக்கலையே? குடுக்காதீங்க. அதுல ஒரு தப்பு இருக்கு. இல்ல, எழுத்துப் பிழை இல்ல."